மேலூட்டு அக்காவும் என் பென் டிரைவும்

போன வருஷம் காபிப் பழம் பறிக்கிற சீசனில் நடந்தது இது. ஏற்காட்டு மலையில் வாழவந்தி என்ற ஊரில் எங்கள் வீடு. ரெண்டு மூணு நாளாக விடாத மழை. பழம் கீழே கொட்டிவிடும் என்று எஸ்டேட்டில் மழையிலும் பறிக்கச் சொல்லியிருந்தார்கள். அம்மா சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு காலையிலேயே வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் நான் மட்டும். அன்று மதியம் மூன்று மணிக்கு எனக்கு ஆன்லைனில் ஒரு இண்டர்வியூ. காலையில் லேப்டாப்பைத் திறந்தால் அது பேசவில்லை.

பேசவில்லை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எனக்குக் கண் தெரியாது. பிறவியில் அப்படி இல்லை. சேலத்தில் காலேஜ் படிக்கும்போது கண் நரம்பு கெட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போய்விட்டது. அதன்பிறகு கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்தான் எனக்கு எல்லாம். அது பேசினால் லேப்டாப் இருக்கிறது. பேசாவிட்டால் அது வெறும் சோற்றுத் தட்டு மாதிரி ஒரு பலகை.

முதல் நாள் ராத்திரி ஏதோ அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பொத்தானை அழுத்தினால் உள்ளே காற்றாடி மட்டும் சுற்றுகிறது, குரல் வரவில்லை. செல்போனில் படம் பிடித்தால் எழுத்தை வாசித்துச் சொல்லும் ஆப் ஒன்று உண்டு. அதைத் திரைக்கு நேராகப் பிடித்தேன். கோணம் தப்பியதோ, வெளிச்சம் பட்டதோ, அது பாதி பாதியாக உளறியது. 'ரிப்பேர்' என்ற ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது.

அந்த இண்டர்வியூ ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போனது. காற்றில் கரண்ட் போய், டவரும் போய், அன்றைக்கு என்னால் கலந்துகொள்ள முடியவில்லை. இதுதான் கடைசி வாய்ப்பு என்று மெயிலில் எழுதியிருந்தார்கள். குரல் பதிவுகளைக் கேட்டு டைப் செய்து கொடுக்கும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். எனக்கென்றே செய்து வைத்தது போன்ற வேலை. ஆனால் டைப்பிங் டெஸ்ட் லேப்டாப்பில்தான் எழுத வேண்டும், செல்போனில் நடக்காது. அந்த கம்பெனி நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

திருநெல்வேலிப் பக்கம் எனக்கு ஒரு நண்பர் உண்டு. அவருக்கும் பார்வை கிடையாது. நாங்கள் நேரில் சந்தித்ததே இல்லை. குரல் செய்தியிலேயே வளர்ந்த பழக்கம். எப்போதோ ஒருமுறை, "ஆபத்துக்கு உதவும், வச்சுக்கோங்க" என்று ஒரு பென் டிரைவைக் கூரியரில் அனுப்பியிருந்தார். அதில் லினக்ஸ் போட்டிருந்தார். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய, யாரும் திருத்தி எழுதக்கூடிய சிஸ்டம் அது. லேப்டாப்பில் பழைய சிஸ்டம் செத்துப்போனாலும், இந்த பென் டிரைவைச் செருகி அதிலிருந்தே லேப்டாப்பை எழுப்பலாம். எழுந்ததும் அது தானாகவே பேச ஆரம்பிக்கும். அப்படித்தான் தயார் செய்திருந்தார்.

அவரைக் கூப்பிட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பென் டிரைவைச் செருகி லினக்ஸை எழுப்பிடலாம். ஆனா எழுப்பறதுக்கு முன்னாடி வர்ற திரை எதுவும் பேசாதும்மா. அந்த இடத்துக்கு மட்டும் பாக்கிறவங்க ஒருத்தர் வேணும். பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்றார்.

பக்கத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அதுதான் சிக்கல்.

எங்கள் வீட்டுக்கு மேலே, மேட்டில் ஒரு வீடு. கொஞ்சம் காபி, மிளகு, ஆடு வைத்திருக்கும் குடும்பம். ஊற்றுத் தண்ணீர் ஓஸ் பைப்பில் முதலில் அவர்கள் வீட்டுக்கு வந்து, அங்கிருந்துதான் எங்களுக்கு இறங்கும். கோடையில் அந்த வீட்டு அக்கா ஓஸை மடக்கிக் கட்டிவிட்டார் என்று அம்மா போய்ச் சத்தம் போட, அவரும் பதிலுக்குச் சத்தம் போட, அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. அம்மா அவரைப் பேர் சொல்லமாட்டார். 'மேலூட்டுக்காரி' என்பார், அதுவும் ஏதோ கசப்பு மருந்தைத் துப்புவது போல. என் காதுபட அந்த அக்காவும் அம்மாவைப் பற்றி ஒன்றிரண்டு சொல்லியிருக்கிறார்.

வேறு யாரையாவது பிடிக்க முடியுமா என்று முயன்றேன். அம்மாவுக்குப் போன் செய்தேன். தோட்டத்துக்குள் சிக்னல் கிடைக்காது, தெரிந்தும் செய்தேன். ஏற்காட்டில் லேப்டாப் பார்க்கும் கடைக்காரரைக் கூப்பிட்டேன். ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறது, பஸ்ஸும் வரவில்லை, சாயங்காலம் பார்க்கலாம் என்றார். உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி லேப்டாப் பொத்தானை அழுத்தினேன். வீட்டுக்குள்ளேயே கதவுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்தேன். கடைசியில் குச்சியை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிவிட்டேன்.

மேட்டுப் படி வழுக்கியது. அவர்கள் வீட்டு நாய் குலைக்க ஆரம்பித்ததும் அங்கேயே நின்றேன். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "தண்ணிக் கதைன்னா உங்கம்மாளை வரச் சொல்லு" என்றார் அந்த அக்கா.

"தண்ணிக்கு வரலீங்க அக்கா. கொஞ்ச நேரத்துக்கு உங்க கண்ணு வேணுமுங்க" என்றேன். அதற்கு மேல் எதையும் அழகாகச் சொல்லத் தெரியவில்லை. இண்டர்வியூ, லேப்டாப், மூன்று மணி என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டினேன்.

அவர் உள்ளே போனார். கதவைச் சாத்திவிட்டார் என்றே நினைத்தேன். ஒரு பிளாஸ்டிக் சாக்கு என் தலைமேல் வந்து விழுந்தது. "நனையாதே. நட" என்றார். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அவரே இறங்கினார்.

லேப்டாப் முன்னால் உட்கார வைத்ததும்தான் சொன்னார். "நான் எட்டாவதோட நின்னவ. ஏபிசிடி தெரியும். கூட்டிப் படிக்க வராது. பரவால்லியா?"

"ஒவ்வொரு எழுத்தாச் சொன்னாப் போதுமுங்க, நான் கூட்டிக்கிறேன்" என்றேன்.

பென் டிரைவைச் செருகினேன். அந்த லேப்டாப்பில் அதற்கு இருந்தது ரெண்டு துளை. ஒன்று எப்போதோ செத்துவிட்டது. இருந்த ஒன்றில் செருகி, பொத்தானை அழுத்தி, நண்பர் சொன்னபடி மேல்வரிசை விசைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அணைத்து, மறுபடி போட்டு, அடுத்த விசை. "கறுப்பு... கறுப்பு... நீலம் வந்துச்சு, போயிருச்சு" என்று அக்கா சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு விசையில், "இரு இரு, இது நிக்குது. ஒரு பெட்டி. உள்ளே ரெண்டு வரி" என்றார்.

"மேல என்ன எழுத்துங்க?"

"பி... ஓ... இன்னொரு ஓ... டி."

பூட்! லேப்டாப்பை எதிலிருந்து எழுப்புவது என்று கேட்கும் திரை. நான் போட்ட கூச்சலில் அவர் பயந்துபோய் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டார். கீழ் வரியில் யூ, எஸ், பி இருக்கிறது என்று எழுத்தெழுத்தாகச் சொன்னார். அது என் பென் டிரைவ்தான், அதற்கு இறங்கி என்டரைத் தட்டினேன். குரல் வரவில்லை.

"செவப்புப் பெட்டி ஒண்ணு வந்து நிக்குது கண்ணு. கோவமா இருக்கிற மாதிரி இருக்குது" என்றார். முதல் முறையாக என்னைக் கண்ணு என்று கூப்பிட்டார். நான் அதைக் கவனித்ததே அப்புறம்தான்.

எஸ், ஈ, சி, யு, ஆர், ஈ என்று தொடங்கி அவர் சொல்லச் சொல்லப் புரிந்தது. வெளியிலிருந்து வரும் சிஸ்டம் எதையும் உள்ளே விடாத காவல் ஒன்று லேப்டாப்பில் இருக்கிறது. அதை நிறுத்தினால்தான் பென் டிரைவ் உள்ளே போகும். நண்பருக்குப் போன் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டோம். அவர் அங்கிருந்து வழி சொல்ல, நான் அம்புக்குறி விசையைத் தட்ட, அக்கா வெள்ளைப் பட்டை எந்த வரியில் இருக்கிறது என்று சொல்ல, மூன்று பேருமாக ஒரு செட்டிங்கைத் தேடினோம். பார்வையில்லாத இரண்டு பேருக்கு நடுவில் பாவம் அந்த அக்கா. "கீழ போ. ஐயோ, ரெண்டு வரி தாண்டிட்டே. மேல வா. என்ர கையி இருக்கிற பக்கம் போ" என்பார். எந்தக் கை என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் எரிச்சலில் சத்தம் போட, அவரும் திருப்பிச் சத்தம் போட்டார். போனில் நண்பர், "சண்டை போடாம வாசிங்கம்மா" என்றார்.

ஒருவழியாக அந்த வரி கிடைத்தது. என்டரைத் தட்டி மாற்றியபின் என்ன எழுத்து வந்திருக்கிறது என்று கேட்டேன். டி, ஐ, எஸ், ஏ, பி, எல், ஈ, டி என்றார். டிஸேபிள்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் அடையாள அட்டையிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது. எத்தனையோ கதவுகளை எனக்குச் சாத்திய சொல் அன்றைக்கு ஒன்றைத் திறந்துவிட்டது. அக்காவுக்கு அதை விளக்க நேரமில்லை. மாற்றியதைச் சேமித்துவிட்டு, மறுபடி பென் டிரைவிலிருந்து எழுப்பினேன்.

"இப்ப எழுத்தா ஓடுது கண்ணு. எறும்பு சாரை மாதிரி" என்றார். நல்ல அறிகுறி. காத்திருந்தோம். "நின்னு போச்சு" என்றார்.

அணைத்துப் போட்டோம். எறும்பு ஓடியது, நின்றது. மறுபடியும் அதே கதை. பென் டிரைவே கெட்டிருக்குமோ என்று நண்பருக்கும் சந்தேகம் வந்தது. அவர் குரலில் தெம்பு குறைந்ததும் என் தெம்பு மொத்தமாகப் போனது. அக்காவின் வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டு, சோறு எங்கே என்று கேட்டார். "சட்டியில இருக்குது, போட்டுத் தின்னுங்க. நான் ஒரு வேலையா இருக்கேன்" என்று சொல்லி வைத்தார். எங்கே இருக்கிறார் என்று மட்டும் சொல்லவில்லை. மணி ரெண்டைத் தாண்டிவிட்டது.

"போதுங்க அக்கா, நீங்க போங்க. எனக்குன்னு எதுவும் நடக்காது" என்று மேசையை ஓங்கிக் குத்தினேன்.

"ஏ, ஓடுது!" என்றார்.

"என்னதுங்க?"

"நீ குத்துனதும் எழுத்து ஓடுச்சு. இப்ப நின்னுருச்சு. எங்கே, இன்னொரு குத்து வை."

குத்தினேன். ஓடியது, நின்றது. கையைக் கொண்டுபோய் பென் டிரைவைத் தொட்டுப் பார்த்தேன். ஆடியது. அந்தத் துளையே லூஸ். நடு வழியில் தொடர்பு அறுந்து, பென் டிரைவைத் தேடிக்கொண்டு லேப்டாப் நின்றிருக்கிறது. லினக்ஸ் மேலும் தப்பில்லை, பென் டிரைவ் மேலும் தப்பில்லை. மேல் பக்கமாகக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து போட்டேன். அக்கா எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடுது, ஓடுது, ஓடுது என்று முணுமுணுத்தார். பிறகு அந்த முணுமுணுப்பும் நின்றது. திடீரென்று தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போல ஓர் இங்கிலீஷ் குரல் வந்தது.

"ஆத்தி, யாரு அது!" என்று அக்கா எழுந்தே விட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன்.

லேப்டாப்பில் லினக்ஸை நிரந்தரமாகப் பதிக்க நேரமில்லை. அதிலேயே இருந்த பிரவுசர் போதும், அப்படியே இண்டர்வியூவை முடித்துவிடலாம் என்று நண்பர் சொன்னார். ஆனால் பென் டிரைவ் ஒரு நொடி அசைந்தாலும் எல்லாம் உறைந்துவிடும். காலண்டர் தாளை மடித்து அடியில் சொருகிப் பார்த்தோம். வழுக்கி வந்துவிட்டது. எனக்கோ டைப் செய்ய ரெண்டு கையும் வேண்டும்.

"தள்ளு" என்றார் அக்கா. நாற்காலியை ஓரம்போட்டுவிட்டு, காமிராவில் விழாதபடி மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கையை மேலே நீட்டிப் பென் டிரைவைப் பிடித்துக்கொண்டார். "நான் இருக்கேன். நீ உன்ர வேலையைப் பாரு சாமி."

செல்போனை ஜன்னலில் வைத்து அதன் இண்டர்நெட்டை லேப்டாப்புக்குக் கொடுத்தேன். சரியாகப் பிடித்தது. ஹெட்போனை மாட்டினேன். மூன்று மணிக்கு ஒரு பெண் குரல் வணக்கம் சொன்னது. கேள்விகள் முடிந்து டெஸ்ட் தொடங்கியது. பதிவைக் கேட்டு டைப் செய்துகொண்டே போகிறேன். ஒரு காதில் பதிவு, அதற்குள்ளேயே அந்தத் தகரக் குரல், முழங்கால் பக்கத்தில் அக்காவின் மூச்சு. கை வலியில் அந்த மூச்சு வேகமாகிக்கொண்டே வந்தது. இன்னும் எவ்வளவு நேரம் என்று அவருக்குச் சொல்லவும் வழியில்லை, வாயைத் திறக்கக்கூடாது.

அப்போது காபிப் பழச் சாறும் நனைந்த சாக்கும் கலந்த வாசம் வந்தது. அம்மா. மழை வலுத்ததால் சீக்கிரமே விட்டுவிட்டார்கள் போல. வாசலில் நடை நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது. அம்மா வாயைத் திறந்தால் முடிந்தது. 'எங்க ஊட்டுக்குள்ள உனக்கு என்ன வேலை' என்ற ஒரு வார்த்தை போதும். நான் விரலை நிறுத்தாமல் டைப் அடித்துக்கொண்டே இருந்தேன்.

வார்த்தை வரவில்லை. ஈரக் கால் மெதுவாகக் கிட்டே வந்தது. சேலை சரசரக்க யாரோ தரையில் உட்கார்ந்தார்கள். காதில் குரல் ஒரு கணம் திக்கியது. நானும் திக்கினேன். பிறகு அது தொடர்ந்தது. அக்காவின் கை நடுங்கியதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விரலுக்கு மேலேயே தன் விரலை வைத்து, மெதுவாகக் கை மாற்றி வாங்கிக்கொண்டாராம் அம்மா. பிற்பாடு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கை மாற்றும்போது வளையல் உரசிய சத்தம் அந்தப் பக்கம் கேட்டுவிட்டது. "உங்க ரூம்ல வேற யாராவது இருக்காங்களா? டெஸ்ட் எழுதும்போது யாரும் இருக்கக் கூடாதே" என்றார் அந்த அம்மணி.

எதைச் சொல்வது? இல்லை என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. "ரெண்டு பேர் இருக்காங்க மேடம். என் பென் டிரைவைப் பிடிச்சுட்டு இருக்காங்க" என்றேன். அவர் புரியாமல், காமிராவைத் திருப்பிக் காட்டச் சொன்னார். லேப்டாப்பை மெள்ளத் திருப்பினேன். நான் திருப்பத் திருப்ப, பிடியை விடாமல் அம்மாவும், அம்மாவின் கையைத் தாங்கிக்கொண்டு அக்காவும் தரையில் நகர்ந்து காமிராவுக்கு நேரே வந்தார்கள். திரையில் அந்த மேடம் என்னத்தைப் பார்த்தாரோ. தரையில் உட்கார்ந்தபடி இரண்டு பெண்கள் ஒரு சின்னக் குச்சியைப் பிடித்துக்கொண்டு, மூச்சுவிடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். காலையிலிருந்து நடந்ததை, வேகமாக, தப்பும் தவறுமாக.

"சரி, தொடருங்க" என்றார் அந்த மேடம். "அவங்களைச் சேர்ல உக்காரச் சொல்லுங்க."

யாரும் நாற்காலிக்கு மாறவில்லை. அசையப் பயம்.

டெஸ்ட் முடிந்தது. அக்கா எழுந்தார், முட்டி சொடுக்கியது. வரட்டுமா என்றும் கேட்கவில்லை. "காப்பி குடிச்சுட்டுப் போலாம்" என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொல்வது போலச் சொன்னார். அக்கா நின்றார். பிறகு உட்கார்ந்தார். காப்பி ஆறும்வரை இரண்டு பேரும் மழையைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

அந்த வேலை எனக்கு உடனே கிடைக்கவில்லை. காத்திருப்போர் வரிசையில் வைத்திருக்கிறோம் என்று மெயில் வந்தது. அந்த நாட்களில் செல்போன் அதிர்ந்தாலே ஓடிப்போய் எடுப்பேன். பொங்கல் கழிந்துதான் கூப்பிட்டார்கள். அதற்குள் ஏற்காட்டுக் கடையில் துளையைச் சரிசெய்து, லினக்ஸை ஒழுங்காகப் பதித்துக்கொண்டேன். இதை எழுதுவதும் அந்த லேப்டாப்பில்தான்.

இந்தக் கோடையில் தண்ணீர்ச் சண்டை மறுபடி வந்தது. மேட்டிலிருந்து அக்காவும் கீழிருந்து அம்மாவும் ஊரே கேட்கப் போட்ட சண்டை. ஆனால் இப்போதெல்லாம் சண்டை முடிந்த அன்று சாயங்காலமே ஓஸில் தண்ணீர் வந்துவிடுகிறது. அக்காவுக்குப் போனில் ஏதாவது இங்கிலீஷில் மெசேஜ் வந்தால் இறங்கி வந்து எழுத்தெழுத்தாகச் சொல்வார், நான் அர்த்தம் சொல்வேன்.

கண் போனபிறகு யாரிடமும் எதையும் கேட்காமல் வாழ்ந்து காட்டவேண்டும் என்றே ஓடிக்கொண்டிருந்தவள் நான். கேட்டே ஆகவேண்டும் என்றாலும் இன்னார் செய்வார், இன்னார் செய்யமாட்டார் என்று மனசு முன்கூட்டியே தீர்ப்பு எழுதி வைத்திருக்கும். அந்தத் தீர்ப்பை எழுதியது அவர்கள் இல்லை, என் பயம்தான் என்பது, ஏதாவது ஒரு வாசலில் கூப்பிடலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்கும்போதெல்லாம் இன்றைக்கும் என் நினைவுக்கு வருகிறது. உடனே குரல் கொடுத்துவிடுகிறேன்.